தொண்ணூறுக்கும் நூறுக்கும் இடையில்

பிப்ரவரி 12

விதைக் கிடங்கு வாரியத்தின் உதவியாளர் தேர்வு இன்று விருதுநகரில் நடந்தது. நானும் என் கணவர் தவசிலிங்கமும் எழுதினோம். ஒரே பள்ளி, வேறு வேறு அறை. 150 கேள்வி, மூன்று மணி நேரம், மின்விசிறி ஓடவில்லை. மாநிலம் முழுக்க 62 இடம். எழுதியவர்கள் நாற்பதாயிரம் பேர் என்று பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு இதுதான் கடைசி. ஜூலையோடு வயது வரம்பு தாண்டுகிறது. எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன். "ஏங்க, அறுபத்தெட்டாவது கேள்விக்கு என்ன போட்டீங்க?"

"எது?"

"தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவுல பகா எண் எத்தனைன்னு."

"ஒண்ணு."

"நல்லவேளை. நெறையப் பேரு தொண்ணூத்தொண்ணையும் சேத்து ரெண்டுன்னு போட்டிருப்பாக."

அவர் பாலவநத்தம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 13

விடுப்பு முடிந்து கடைக்குப் போனேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை. 214 பக்கம் எடுத்தேன். அவர் வழக்கம்போலக் குழாய்க் கடைக்குப் போனார். வீட்டில் தக்காளி ரசம்.

மார்ச் 3

வாரியம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டிருக்கிறது. கடைக் கணினியில் பார்த்தேன். 68ஆவது கேள்விக்கு விடை (ஆ) இரண்டு.

மறுபடி பார்த்தேன். இரண்டுதான்.

91 அப்படிப்பட்ட எண். இரட்டைப்படை இல்லை. ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் பத்து வருகிறது, ஆகவே மூன்றாலும் வகுபடாது. அதற்கு மேல் யாரும் சோதிப்பதில்லை. எங்கள் பள்ளியில் ஏழாம் வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடும். ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கு என்று கத்திவிட்டு எல்லோரும் எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். 91 அதற்கு அடுத்த படியில் நிற்கிறது.

அவரிடம் சொன்னேன்.

"வாரியமே சொல்லுதுன்னா அதுல ஏதாச்சும் இருக்கும், மங்கை."

"என்ன இருக்கும்? ஏழு பதிமூணு."

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். நேற்றுதான் துடைத்திருந்தார்.

மார்ச் 5

கேஸ் புத்தகத்தைத் தேடினேன். அலமாரியில் அவருடைய விடைத்தாள் நகல் இருந்தது. அதன் கீழே கேஸ் புத்தகம் இருந்தது. நகலை இருந்த மாதிரியே மடித்து வைத்தேன். கேஸ் பதிவு செய்தாயிற்று. நான்கு நாளில் வரும்.

மார்ச் 6

ஆட்சேபணை மனுவை எழுதினேன். "91 = 7 × 13. ஆகவே அது பகா எண் அன்று. 90க்கும் 100க்கும் இடையில் உள்ள ஒரே பகா எண் 97." இரண்டு வரிதான். ஆதாரம் இணைக்க வேண்டும் என்று விதி. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன்.

பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். நான் கடையை விட்டு நகர முடியாது. அவரே கொண்டுபோனார். ரசீதைத் திருப்பிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"அனுப்பியாச்சு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

ஏப்ரல் 20

இறுதி விடைக்குறிப்பு. 68: (ஆ). மாற்றம் இல்லை. காரணம் சொல்லவில்லை.

மே 9

முடிவு வந்துவிட்டது. 62ஆம் இடம் ச. தவசிலிங்கம், 141 மதிப்பெண். 63ஆம் இடம் த. மங்கையர்க்கரசி, 140 மதிப்பெண். 62 பேருக்குத்தான் வேலை.

மகனுக்கு வேலை என்றதும் அத்தைக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு அழுதார். தெருவுக்கே சேவும் இனிப்பும் கொடுத்தோம். என்னிடம், "ஒனக்கு அடுத்த தடவ கெடைக்கும்த்தா" என்றார்கள் எல்லோரும். ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டதே என்றும் சொன்னார்கள்.

அவர் கூட்டத்தில் என்னைப் பார்க்கவில்லை. சேவு தட்டை எல்லோரிடமும் நீட்டினார், என்னிடம் நீட்ட மறந்துவிட்டார். நானே எடுத்துக்கொண்டேன்.

மே 10

குழாய்க் கடை முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தி ஒரு சட்டைத் துணி கொடுத்தாராம்.

மே 12

மேல்முறையீட்டு மனு எழுதினேன். இந்த முறை நான்கு பக்கம். என் கையால் அனுப்பினேன். சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மோர் ஊற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

மே 15

அத்தையும் நானும் மொட்டை மாடியில் வத்தல் இட்டோம். அத்தை மாவைக் கிண்டிக் கொடுக்க நான் துணியில் வரிசையாக வைத்தேன். மேல்முறையீட்டு விஷயம் அத்தைக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"ஒரு நம்பருக்காகவா இம்புட்டும்?"

"ஆமா அத்தை."

"வேல ஒண்ணுதான். அவனுக்குக் கெடைச்சாலும் இந்த வீட்டுக்குத்தான் வரப்போகுது, ஒனக்குக் கெடைச்சாலும் இந்த வீட்டுக்குத்தான் வரப்போகுது. கெடைச்சவன்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே. அவனுக்கு இனிமே எழுத வயசு இல்ல."

அத்தை சொன்னதில் தவறு ஏதும் இல்லை. வத்தலை வைத்து முடித்தேன்.

"எத்தன இருக்கு?" என்றார்.

"தொண்ணூத்தொண்ணு."

அத்தை எழுந்து நின்று பார்த்தார். ஏழு வரிசை. வரிசைக்குப் பதிமூன்று. மூலைக்கு மூலை சரியாக இருந்தது, எங்கேயும் துருத்தவில்லை.

"பகா எண்ணுன்னா இப்பிடி வராது அத்தை. எப்பிடி அடுக்கினாலும் ஒண்ணு ரெண்டு மிச்சம் நிக்கும், இல்லேன்னா ஒரே வரிசையாத்தான் வைக்கணும். தொண்ணூத்தேழு வத்தல் வச்சா இப்பிடிக் கட்டமா வராது."

அத்தை வரிசைகளை விரல் நீட்டி எண்ணினார். "அப்ப அவென் போட்டது தப்பு."

அவர் என்ன போட்டார் என்று நான் அத்தையிடம் சொன்னதில்லை. அவரே சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா அத்தை."

அதற்குப் பிறகு இன்று முழுக்க அத்தை என்னிடம் பேசவில்லை. மாலையில் காக்கை ஒரு வத்தலைத் தூக்கிப் போய்விட்டது.

மே 29

அவருடைய பணி ஆணை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக வாரியத்தில் இருந்து கடிதம். "விடைக்குறிப்பின் மீது மேல்முறையீடு நிலுவையில் உள்ளதால்." யார் செய்த மேல்முறையீடு என்று போடவில்லை.

அவர் குழாய்க் கடைக்கே போய்க்கொண்டிருக்கிறார். சால்வையை முதலாளி திருப்பிக் கேட்கவில்லை என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 10

விசாரணைக்கு வரச் சொல்லி இரண்டு கடிதங்கள். ஒன்று மனுதாரரான எனக்கு. இன்னொன்று "விடை மாற்றப்பட்டால் பாதிக்கப்படக்கூடிய தேர்வர்" என்ற வகையில் அவருக்கு. பட்டியலில் உள்ள 62 பேரில் அந்த ஒரு மதிப்பெண்ணால் வேலையை இழக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று அதில் இருந்தது. நாளை மறுநாள் காலை பதினொரு மணி, சென்னை. வராவிட்டால் மனு தள்ளுபடி.

கடிதத்தில் தேதி ஜூன் 1. உறையில் எங்கள் ஊர் தபால் முத்திரை ஜூன் 5. தபால்காரர் குழாய்க் கடையில் கொடுத்துவிட்டுப் போனாராம். இன்று மாலை ஆறு மணிக்கு அவர் அதைப் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். உறையின் ஓரங்கள் மடங்கியிருந்தன.

"தபால் இப்பல்லாம் ரொம்பத் தாமதமா வருது" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

காலை ரயிலுக்கு இரண்டு பேருக்கும் அவரே சீட்டு எடுத்துவிட்டார்.

ஜூன் 11

மதுரையில் ரயில் ஏறினோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. எதிரில் இருந்த அம்மாள், எங்கே போகிறீர்கள் என்றார். "ஒரு விசாரணைக்கு" என்றார் அவர். "ரெண்டு பேருமேவா?" "ரெண்டு பேருமேதான்." அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் விவாகரத்து விசாரணை என்று நினைத்திருப்பார்.

அவர் அரியலூர் தாண்டியதும் சொன்னார். "நான் ரெண்டுன்னுதான் போட்டேன்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மார்ச்ல இருந்து. கேஸ் புக் தேடயில."

அவர் கணக்குப் போட்டார். மார்ச் 6ஆம் தேதி தபால் நிலையத்துக்குப் போனதை நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது. "தெரிஞ்சும் அனுப்பச் சொன்னியா?"

"தெரிஞ்சுதான் நீங்களும் அனுப்புனீங்க."

விழுப்புரத்தில் காபி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

ஜூன் 12

எழும்பூரில் விடுதி அறை. காலையில் குழாயில் தண்ணீர் சிவப்பாக வந்தது. பத்து மணிக்கே வாரிய அலுவலகத்துக்குப் போய்விட்டோம். எங்களை ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு பெண் அதிகாரி. இடதுபுறம் கணக்கு நிபுணர், ஓய்வுபெற்ற பேராசிரியராம். வலதுபுறம் குறிப்பெடுக்கும் எழுத்தர்.

அதிகாரி இரண்டு கோப்புகளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேர் முகவரியும் ஒண்ணாத் தப்பா அடிச்சிருக்காங்களே?"

"தப்பு இல்ல மேடம். ஒரே வீடுதான்" என்றேன்.

"இவரு உங்களுக்கு?"

"வீட்டுக்காரர்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். அதிகாரி சிறிது நேரம் பேனா மூடியைத் திருகினார். பிறகு, "சரி, மனுதாரர் சொல்லுங்க" என்றார்.

சொல்வதற்கு அதிகம் இல்லை. ஏழையும் பதிமூன்றையும் பெருக்கினால் 91 என்றேன்.

நிபுணர் தொண்டையைச் செருமினார். "அதைக் குழு மறுக்கல. ஆனா பகா எண்ணான்னு பாக்க ஒரு தரமான சோதனை இருக்கு. மூணை எடுத்து, 91க்கு ஒண்ணு கம்மியாத் தொண்ணூறு தடவை பெருக்கி, அதை 91ஆல வகுத்தா, பகா எண்ணா இருந்தா மீதி ஒண்ணு வரணும். நான் போட்டுப் பாத்தேன். ஒண்ணு வருது."

நான்கு பக்க மனுவில் மூன்று பக்கம் இதைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அதை அவர் படிக்கவில்லை போலிருக்கிறது. "வரும் சார். மூணை ஆறு தடவை பெருக்கினா 729. அதுல 91 எட்டு தடவை போக ஒண்ணு மிச்சம். ஆறு ஆறா தொண்ணூறு வரைக்கும் போனாலும் அதே ஒண்ணுதான். ஆனா அந்தச் சோதனையில எல்லாப் பகா எண்ணும் பாஸாகும், பாஸானதெல்லாம் பகா எண் இல்ல சார். மூணை வச்சுச் சோதிச்சா ஏமாத்துற எண்ணுங்கள்ல 91 ஒண்ணு. ரெண்டை வச்சுச் சோதிச்சுப் பாருங்க."

"ரெண்டை வெச்சா?"

"ரெண்டைப் பன்னெண்டு தடவை பெருக்கினா 4096. அதுல 91 நாப்பத்தஞ்சு தடவை போக ஒண்ணு மிச்சம். பன்னெண்டு பன்னெண்டா எம்பத்து நாலு வரைக்கும் வந்துட்டோம்னா பாக்கி ஆறு. ரெண்டை ஆறு தடவை பெருக்கினா 64. மீதி ஒண்ணு வரல சார், 64 வருது. அங்க மாட்டிக்கிருச்சு."

நிபுணர் மேசையில் இருந்த தாளில் எழுதிப் பார்த்தார். நேரம் ஆனது. அதிகாரி எட்டிப் பார்த்தார். நிபுணர், "இது சுவாரஸ்யமா இருக்கு" என்றார்.

அதிகாரி என் கணவர் பக்கம் திரும்பினார். "தவசிலிங்கம், மாத்தினா நீங்க பட்டியல்ல இருந்து போயிடுவீங்க. உங்க வயசும் பாத்தேன். உங்க தரப்பைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னு விதி. இறுதி விடைக்குறிப்பை மாத்தக் கூடாதுன்னு நீங்க ஆட்சேபணை சொல்லலாம். சொன்னா நாங்க அதைப் பதிவு செஞ்சுக்கணும். அதுக்கு மேல மாத்துறது எங்களுக்குச் சிரமம்." அந்த அம்மாள் நல்லவர். கூடுமானவரை மெதுவாகச் சொன்னார். "ஆட்சேபணை இருக்கா?"

அவர் எழுந்து நின்றார். முதலாளி கொடுத்த துணியில் தைத்த சட்டை. கழுத்துப் பட்டையில் வியர்வை. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே எங்கேயோ பார்த்தார்.

"ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு மேடம்" என்றார்.

"ஆட்சேபணை இருக்கா, இல்லையா?"

"ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணுதான மேடம். அதுல நான் என்னத்தச் சொல்ல?"

எழுத்தர், "இல்லைன்னு எழுதிக்கவா மேடம்?" என்றார். எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பேனா ஒன்றுதான் இருந்தது. அவர் போட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார்.

என் பையில் இன்னொரு தாளும் இருந்தது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்தது. அவர் ஆட்சேபணை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதைக் கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. வெளியே வந்து குப்பைத் தொட்டியில் கிழித்துப் போட்டேன். என்ன அது என்றார். பழைய ரசீது என்றேன்.

ஜூன் 13

ஊர் வந்து சேர்ந்தோம். துணி துவைத்தேன்.

ஜூலை 2

ஆணை வந்தது. "வினா எண் 68க்கான விடை (அ) எனத் திருத்தப்படுகிறது. 91 என்னும் எண் இவ்வாணை வெளியாகும் நாள் முதல் பகு எண்ணாகக் கருதப்படும்." நான் 62ஆம் இடம், 141. அவர் 63ஆம் இடம், 140. விருதுநகர் கிடங்கில் எனக்கு வேலை.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அத்தை சாமி விளக்கை ஏற்றிவிட்டு, "காபி போடவா?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அத்தை எனக்குக் காபி போட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 3

அவர் கடைக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்பது தடவ சொல்லிப் பாத்துக்கிட்டேன் மங்கை. ரயில்ல, லாட்ஜ்ல, அந்த பெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு. 'எனக்கு ஆட்சேபணை இருக்கு மேடம்.' அம்புட்டுத்தான். நாலு வார்த்தை. எந்திரிச்சு நிக்கயில வாயில வேற வந்திருச்சு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"எனக்கு வயசு முடிஞ்சிருச்சு" என்றார். "இனிமே எதுவும் எழுத முடியாது."

கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். என் கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் மாடிக்குப் போய்விட்டிருந்தார்.

அரிசியை எத்தனை தடவை களைந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஜூலை 9

வேலையில் சேர்ந்தேன். நெல், உளுந்து, பருத்தி விதை. மூட்டைகளில் சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர், நீங்கள்தான் அந்தத் தொண்ணூற்றொன்றா என்றார். ஆமாம் என்றேன்.

அவர் காலையில் பேருந்து நிலையம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

ஜூலை 10 முதல் 18 வரை

எழுத எதுவும் இல்லை. சாப்பாடு, வேலை, துணி. என்னிடம் கேட்க வேண்டியதை அத்தையிடம் கேட்டுக்கொள்கிறார். அத்தை, "அங்கதான நிக்குறா, நீயே கேளேன்" என்கிறார்.

ஜூலை 23

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் கடையில் இருந்து வந்தவர் நேராகச் சமையலறைக்கு வந்தார். சட்டையெல்லாம் தூசி.

"இன்னைக்கு ரெண்டு இஞ்சுக் குழாய் லோடு வந்துச்சு" என்றார்.

"சரிங்க."

"உருண்டு போயிரக் கூடாதுன்னு சரிவா அடுக்குனேன். அடியில பதிமூணு. அதுக்கு மேல இடுக்குல பன்னெண்டு. அப்பறம் பதினொண்ணு. அப்பிடியே ஒண்ணு ஒண்ணாக் கொறஞ்சுக்கிட்டே வந்து, உச்சியில ஒத்தைக் குழாய் நிக்குது. மொத்தம் எத்தனங்குற?"

"எத்தன?"

"தொண்ணூத்தொண்ணு." நான் வேலையில் சேர்ந்தபிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "சீட்டுலயும் அதான் போட்டிருக்கு. ரெண்டு தடவ எண்ணுனேன். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"அப்பிடியா?"

"நெசமாத்தான். நாளைக்கி வந்து பாரு வேணும்னா."

ஒன்று முதல் பதிமூன்று வரை கூட்டினால் 91 வரும் என்பது எனக்கு மார்ச் மாதமே தெரியும். மனுவுக்காகத் தேடியபோது பார்த்தது. தோசையைத் திருப்பினேன்.

"எனக்கு வெளங்கல. எப்பிடி அடுக்குனீங்க?" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். கோல மாவு டப்பாவை எடுத்து, அடியில் பதிமூன்று புள்ளி வைத்து, முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார்.